பதினேழு பேர் பட்டியல்

டாக்டர் சக்கரபாணி நோட்டை வாங்கிக்கொண்டாரே தவிர, அகஸ்டினாவை உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை. அது 1934-ஆம் வருஷம், ஆடி மாதம்; ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி.

"அதுல புள்ளைங்கள வீட்டுல கூப்பிடற பேரத்தான் எழுதியிருக்கேன் ஐயா. புரியலன்னா கூப்பிட்டு அனுப்புங்க, சொல்றேன்."

"நானும் இந்த ஊர்லதாம்மா பொறந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ."

அவள் போய்விட்டாள். மீனவர் குப்பமான குருசுக்குப்பத்தில் பதினோரு வருஷமாகப் பிள்ளைப்பேறு பார்த்துவந்தவள் அகஸ்டினா. ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகளிடம் இரண்டு வருஷம் படித்துச் சான்று வாங்கியவள். தான் எடுத்த பிள்ளையை ஒரு வயது முடியும்வரை மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பாள். தொப்புள் ஆறிவிட்டதா, வயிற்றுப்போக்கு உண்டா, தாய்க்குப் பால் இருக்கிறதா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதினால் மறக்காது, அவ்வளவுதான்.

சக்கரபாணிக்குப் பிரான்சு தேசத்து மேல்பட்டம் வேண்டியிருந்தது. அதற்கு ஆராய்ச்சி நூல் ஒன்று எழுத வேண்டும். குப்பத்துச் சிசு மரணம் என்று அவர் எடுத்த பொருளுக்குப் பெரிய டாக்டர் துவால் துரை சம்மதம் கொடுத்துவிட்டார். அடுத்த படி தகவல் சேர்ப்பது. அதற்குக் குப்பத்துக்குப் போக வேண்டும். மணலும் மீன் வாடையும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. குமாஸ்தாவைக் கோயிலுக்கு அனுப்பி, இரண்டு வருஷத்தில் ஞானஸ்நானம் பெற்ற அறுபத்தொரு பிள்ளைகளின் பேரை எழுதி வாங்கினார். அந்தப் பேர்களை அகஸ்டினாவின் நோட்டில் தேடினார். ஒரு வயது வரை நோட்டில் இருந்தால் உயிரோடு இருக்கிறது. பேரையே காணோம் என்றால் செத்துவிட்டது. பதினேழு பேரைக் காணவில்லை. புதைத்த கணக்கையும் அதே கோயிலில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறு வருஷம் முடிவுகளை எழுதி முடித்ததும், நல்ல பேர் கிடைக்கட்டும் என்று ஒரு பிரதியைச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பினார். மருத்துவச்சியின் அசுத்தமான கையால் பதினேழு சிசுக்கள் மாண்டன என்று அதில் இருந்தது. பத்தாம் நாள் அகஸ்டினாவின் சான்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவள் அழவில்லை. நேரே சக்கரபாணியிடம் போனாள்.

"எந்தப் பதினேழு புள்ளைங்கன்னு சொல்லுங்க ஐயா."

அவர் தாளைப் புரட்டி, பெரிய மனசு பண்ணுவதுபோல் வாசித்தார். முதல் பேர் அருளானந்தம், தகப்பன் பேர் அந்தோணி.

அன்று காலைதான் அந்த அருளானந்தம் அவள் முந்தானையில் மத்தி மீன் தலையைத் தேய்த்திருந்தான். அவன் தாய் சூசைமேரிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவன் இவன். கோயிலில் அருளானந்தம் என்று தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் ஒரு படி தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கி, மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டார்கள். மட்டமான பேராக இருந்தால் சாவு திரும்பிப் பார்க்காது என்று நம்பிக்கை. குப்பத்தில் அப்படி மண்ணாங்கட்டிகளும் குப்பம்மாக்களும் பிச்சைகளும் உண்டு.

"நோட்டுல மண்ணாங்கட்டின்னு இருக்குமே, அதை என்னா பண்ணீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதெல்லாம் இந்துப் புள்ளைங்க. தள்ளிட்டேன். ஞானஸ்நானம் பண்ணவன் மண்ணாங்கட்டின்னு பேர் வைப்பானா?"

அகஸ்டினா வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால் இந்த மனுஷன் ரப்பரால் அழித்துவிட்டு, முதலிலேயே தெரிந்தவர்போல் எழுதிக்கொள்வார். கையால் எழுதின தாளாக இருக்கிறவரை எதையும் அழிக்கலாம்.

"இது எப்போ அச்சுக்குப் போவுது ஐயா?"

"அடுத்த வருஷம். ஏன், உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்று சிரித்தார்.

அந்த ஒரு வருஷமும் அவள் பக்கத்து ஊரான தேங்காய்த்திட்டில் கருவாடு காயவைக்கும் கூலிவேலை செய்து பிழைத்தாள். பிரசவம் பார்த்த கையில் உப்பு ஏறி வெடித்தது. கையைப் பார்க்கும்போதெல்லாம் பட்டியலை முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பாள். பதினேழில் நாலு பிள்ளைகள் செத்தது நிஜம், அவள் மறைக்கவில்லை. மீதிப் பதின்மூன்றும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன.

1936 தை மாதம் நூல் அச்சாகி வந்தது. அட்டையில் சக்கரபாணியின் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. இன்னும் இரண்டு படிதான் பாக்கி: ஊர் டாக்டர்கள் முன்னால் நூலை வாசித்துத் துவால் துரையிடம் கையெழுத்துக் கடிதம் வாங்குவது, கப்பலேறிப் பிரான்சில் பரீட்சைக்காரர்கள் முன்னால் நின்று பதில் சொல்வது. வாசிப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

அன்று மாலையே அகஸ்டினா குப்பத்துக்குப் போனாள்.

"எம் புள்ளய செத்துட்டான்னு புஸ்தகத்துல போட்டிருக்கானா?" சூசைமேரி மீன் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "அவன் வாயில மண்ணு விழ!"

"அரிவாள வச்சிட்டு வா. புள்ளைக்குத் தலைய சீவி, சட்டை போட்டு கூட்டியா. அது போதும்."

"நீ ஏன்க்கா போன வருசமே சொல்லல? கருவாட்டுல கெடந்து சாவறியே."

"அப்ப சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

பதின்மூன்றில் ஒன்றுக்குக் காய்ச்சல். ஒன்று காரைக்காலுக்குப் போயிருந்தது. மீதிப் பதினொன்றும் தாய்மாரோடு வந்து பின்பெஞ்சுகளில் உட்கார்ந்தன. தர்ம வைத்தியம் என்று நினைத்து வந்திருப்பார்கள் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். சக்கரபாணி புதுக் கோட்டில் நின்று முக்கால் மணி நேரம் வாசித்தார். கடைசியில் பட்டியலுக்கு வந்தார்.

"அருளானந்தம், அந்தோணியின் மகன்."

சூசைமேரி எழுந்து நின்றாள். இடுப்பில் முறுக்கு தின்றுகொண்டிருந்தவனை இறக்கிப் பெஞ்சின்மேல் நிறுத்தினாள். அகஸ்டினா பக்கத்தில் எழுந்து, ஆஸ்பத்திரியில் கற்ற பிரெஞ்சில் துவால் துரையைப் பார்த்துச் சொன்னாள்.

"விவான், முசியே." உயிரோடு இருக்கிறான், ஐயா.

சக்கரபாணிக்கு விளங்கவில்லை. அடுத்த பேரை வாசித்தார். இன்னொரு தாய் எழுந்தாள்.

"விவான், முசியே."

மூன்றாவது பேருக்குத் துவால் துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாலாவது பேரில் சக்கரபாணியின் குரல் இறங்கிவிட்டது. நிறுத்தப் பார்த்தார், துரை நிறுத்த விடவில்லை. "மேலே வாசியுங்கள், எல்லாப் பேரையும்" என்றார். நிஜமாகவே செத்த நாலு பேர் வந்தபோது அகஸ்டினா வாய் திறக்காமல் தலை குனிந்து நின்றாள். அதனால்தான் மற்ற பதின்மூன்றையும் துரை நம்பினார். வராத இரண்டு பிள்ளைகளுக்கு, போய்ப் பார்க்கலாம் என்று வீட்டு அடையாளம் சொன்னாள்.

கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. கப்பல் சக்கரபாணி இல்லாமல் போயிற்று. அச்சடித்த முந்நூறு பிரதிகளையும் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி துரை உத்தரவு போட்டார். அகஸ்டினாவுக்குச் சான்று இருபதே நாளில் வந்தது.

பங்குனியில் சக்கரபாணி அவள் வீட்டுக்கு வந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"மறுபடியும் எழுதணுமாம். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போயிருக்கேன்னு அத்தாட்சி வேணும்கறார் துரை. நீ பேரெல்லாம் சொல்லிட்டின்னா..."

"கேட்டா சொல்றேன்னு அன்னிக்கே சொன்னேன். அந்த நாள் போயிடுச்சு. குப்பம் எங்கியும் ஓடிடல, நடந்து போங்க."

"ஒரு வாசல்லயும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க அகஸ்டினா. நீ கூட வந்தா..."

"எனக்குப் பிரசவம் இருக்கு" என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நிஜமாகவே பிரசவம் இருந்தது. வேலை முடிந்து உச்சி வெயிலில் திரும்பும்போது, சூசைமேரி வீட்டு வாசலில் சக்கரபாணி நிற்பதைப் பார்த்தாள். கால் சப்பாத்துக்குள் மணல். ஒரு கையில் தாள், ஒரு கையில் பென்சில். மண்ணாங்கட்டி அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் புள்ள பேரு என்னம்மா?"

சூசைமேரி மீனிலிருந்து நிமிரவில்லை.

"செத்தவனுக்கு ஏதுங்க பேரு?"

அகஸ்டினாவுக்கு இரக்கம் வரவில்லை. வந்துவிடுமோ என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.