கதவைப் பூட்டியவர்

செண்பகவல்லி அக்காவைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று எப்போதும்வென்றான் ஊர்ச் சித்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பெத்த அப்பனைச் சபையில காட்டிக்குடுத்தவல்லா!" அக்கா காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சபையில் நானும் இருந்தேன்.

1976இல் அவள் கோவில்பட்டியில் பி.ஏ. வரலாறு படித்தாள். பல்கலைக்கழகம் நடத்திய மாணவர் ஆய்வரங்கத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் தீயில் இறந்து வீட்டுத் தெய்வமான பெண்கள். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி உண்டு: அப்பாவின் தங்கை ஆவுடைத்தாய். தை மாதம் அவளுக்குப் படைக்கும் பட்டுச்சேலை அவள் வேலைபார்த்த ஆபீஸ் முதலாளி வீட்டிலிருந்து வரும். ஊர் அதைப் பக்தி என்றது. பெண்கள் பாதி வேலையில் எழுந்து போகாதிருக்க ஷெட்டை வெளியே பூட்டச் சொல்பவர் அவர்தான். தீப்பிடித்த அன்று பூட்டியவர் அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்த எங்கள் அப்பா. அது எங்கள் வீட்டையும் முதலாளியையும் தாண்டவில்லை.

அரங்கத்தன்று காலையில் அப்பா கேட்டார்: "ஏட்டி, பூட்டினதை எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

"யாருன்னு?"

"அதை எழுதலப்பா."

"கேட்டா?"

அக்கா தலைசீவத் திரும்பினாள்.

மதியச் சாப்பாடு முதலாளி செலவு. அதனால் முதல் வரிசையில் அவர். அப்பாவும் நானும் கடைசியில். "கதவு வெளியே பூட்டியிருந்தது" என்று அக்கா வாசித்ததும் முதலாளி துண்டைத் தோள் மாற்றிப் போட்டார்.

"சாப்பாடு போச்சுலே," என்று எங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் சிரித்தான்.

மதுரையிலிருந்து வந்த நடுவர் குறுக்கிட்டார். "ஆதாரம் இல்லாம இப்படிச் சொல்லக்கூடாதும்மா. பூட்டினது யார், தெரியுமா?"

"தெரியும் சார்."

"பெயரைச் சொல்லுங்க."

அக்கா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும். முதலாளிதான் திரும்பி, கடைசி வரிசையைத் துழாவினார். அப்பாவின் கை என் முழங்காலை இறுக்கியது.

"சொல்ல மாட்டேன் சார். கட்டுரையைத் தள்ளணும்னா தள்ளிருங்க."

ஒரு வருஷ உழைப்பு. தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

என் முழங்காலிலிருந்து கை எடுபட்டது. அப்பா எழுந்துவிட்டார்.

"நாந்தாங்கய்யா பூட்டினேன். உள்ள என் தங்கச்சி இருந்தா. மொதலாளி இவிய பூட்டச் சொன்னாவ, பூட்டினேன்."

"ஏலே தங்கசாமி, உக்காருலே!" என்றார் முதலாளி.

அப்பா அவரைப் பார்க்கவே இல்லை.

"எழுதிக்கோட்டி," என்றார் அக்காவிடம்.

அவளிடம் பேனா இல்லை. நடுவர் தம்முடையதை நீட்டினார். தாளின் ஓரத்தில் அவள் எழுதி முடிக்கும்வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.