ஹோல்டு மெயில்

ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வாய் என்பது சாப்பிடவும் டீ குடிக்கவும்தான். மற்றபடி வாயால் எதைச் சொன்னாலும் சொன்னதாகக் கணக்கில்லை. மெஷின் புகைகிறது என்று ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வந்தாலும், "மெயில் போட்டியா?" என்று கேட்க அங்கே ஓர் ஆள் இருப்பார். சந்தேகம் இருந்தால் அங்கே வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஏசுவடியானும் அந்தக் கட்சிதான். அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டவர். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, வல்லக்கோட்டை சாலையில் ஒரு சின்னக் கம்பெனியில் பெட்டி தூக்கச் சேர்ந்தார். வேன்களில் பிரேக் பெடலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி. இன்றைக்கு டிஸ்பாட்ச் முழுக்க அவர் பொறுப்பு. எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டும், எதில் எத்தனை பெட்டி ஏற வேண்டும், எல்லாம் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கேட் திறக்கும். பொறுப்பு அவ்வளவு. ஆனால் ஆள் இன்னும் கான்ட்ராக்ட். இந்த அநியாயத்தைக் கேட்டால், எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்பார்கள். அதென்னவோ, எல்லாரும் செய்தால் அநியாயம் நியாயமாகிவிடுகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால், அப்போதிருந்த மேனேஜர் ஒருவர் போகிற போக்கில், "அந்த லோடு நாளைக்குப் போகட்டும்யா" என்றார். இவரும் லாரியை நிறுத்தினார். மறுநாள் கஸ்டமர் போனில் குதித்ததும் அந்த மனிதர் கூசாமல், "நான் எப்போ சொன்னேன்?" என்று கேட்டார். ஏசுவடியானிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்த வருஷம் பெர்மனென்ட் பட்டியலில் இருந்த அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடவுளே நேரில் வந்து வண்டியை நிறுத்தச் சொன்னாலும், "மெயில் போடுங்க சார், நிறுத்துதேன்" என்பதுதான் அவர் பதில்.

இந்த வருஷம் மறுபடியும் பெயர் வந்திருந்தது. இப்போதைய பிளான்ட் மேனேஜர் பாண்டுரங்கன் தன் அறைக்கே கூப்பிட்டு, "ஒண்ணாந்தேதி பெர்மனென்ட் ஆர்டர் உன் கையில, போதுமா?" என்று சொல்லியிருந்தார். மனைவி சந்திரலேகா அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். கைக்கு வருமுன் தம்பட்டமா என்று அவளைத் திட்டினார். திட்டிவிட்டு, தன் அண்ணனுக்குத் தானே போன் போட்டுச் சொன்னார்.

ஒன்றாம் தேதிக்குச் சில நாட்கள் இருக்கும்போதுதான் இது நடந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஓசூரிலுள்ள வேன் கம்பெனிக்குப் போகிற லாரியில் லோடு ஏறி, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டிரைவர் மாரிராஜ் கேட் பாஸுக்காகக் காத்து நின்றார். அப்போது டிஸ்பாட்ச் மேஜையிலிருந்த போன் அடித்தது. பேசியது செந்தாமரை. வாலாஜாபாத்துப் பெண், குவாலிட்டி இன்ஜினியர். புனேயிலுள்ள ஒரு கஸ்டமர், நீங்கள் அனுப்பிய சட்டத்தில் கோளாறு, ஆளை அனுப்புங்கள் என்று கேட்டதால் முந்தின நாள் விமானம் ஏறிப் போயிருந்தாள்.

"ஏசண்ணா, ஓசூர் வண்டி போய்டுச்சா?"

"இல்ல மேடம், இப்பதான் கையெழுத்துப் போடப் போறேன்."

"போடாதீங்கண்ணா! இங்க நம்ம பீஸை அறுத்துப் பாத்தாங்க. வெல்டு உள்ள இறங்கவே இல்ல. மேலால மட்டும் அழகா கீது. ரெண்டு தட்டு தட்டுனா கையோட வருது. அந்த ரெண்டாவது வெல்டிங் ஸ்டேஷன்ல பண்ணது. ஓசூர் லோடும் அதே ஸ்டேஷன்தாண்ணா!"

ஏசுவடியானுக்கு ஓசூர் நிலைமை தெரியும். அங்கே சரக்கு இருப்பு அதிகம் இல்லை. லாரி போய் நின்றதும் பெட்டியைப் பிரித்து நேராக வேனில் மாட்டிவிடுவார்கள். வெல்டு விட்டுப் போனால், ஓட்டுகிறவர் காலை வைத்து அழுத்தும்போது பெடல் சட்டத்தோடு சாயும். வேன் நிற்காது.

ஆனால் பழக்கம் விடுமா? ஏசுவடியான் வாயிலிருந்து வந்தது அதேதான்.

"ஹோல்டு மெயில் ஒண்ணு போடுங்க மேடம், நிறுத்திருதேன்."

"அதான்ணா முடியல! மெயில் திறக்க மாட்டேங்குது. புது ஊர்லேர்ந்து திறக்குறேன்னு ஓடிபி கேக்குது. ஓடிபி நம்ம லேப் போனுக்குப் போவுது!"

இந்த லேப் போன் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனிக்குள் மேனேஜரைத் தவிர யாரும் சொந்தப் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். குவாலிட்டி லேபுக்கென்று ஒரே ஒரு பொதுப் போன் உண்டு. மெயில் கணக்கு தொடங்கியபோது நம்பர் கேட்டார்கள். கையில் இல்லாத போனின் நம்பரைக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று, லேபில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பொதுப் போன் நம்பரையே கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்குள் உட்கார்ந்து திறக்கும்வரை மெயில் எதையும் கேட்கவில்லை. யாராவது வெளியூர் போய்த் திறப்பார்கள் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவர்களை யார் வெளியூர் அனுப்பினார்கள்?

"உங்க சொந்த ஐடிலருந்து போட முடியாதா?"

"போட்டேண்ணா, நம்ம சர்வர் திருப்பி அனுப்பிடுச்சு. வெளி மெயில் உள்ள விடாது. பாண்டுரங்கன் சாருக்குப் போன் பண்ணி, ஓடிபி லேப் போனுக்குப் போவுதுன்னும் சொன்னேன். 'எதுவா இருந்தாலும் மெயில்ல போடும்மா, பாக்குறேன்'னு வச்சிட்டாரு. லேப் போனுக்குக் கூப்பிட்டா யாரும் எடுக்கல. நீங்க லேபுக்குப் போய் அந்தப் போன்ல வர்ற நம்பரை மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணா. சீக்கிரம். நம்பர் கொஞ்ச நேரந்தான் செல்லும்."

ஏசுவடியான் லேபுக்கு ஓடினார். அதற்கு முன் ஷாப் ஃப்ளோரில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. லேபில் மஞ்சுளா என்ற பெண் மட்டும் இருந்தாள். போன் வழக்கமாக இருக்கும் இடம் காலியாக இருந்தது.

"போன் எங்க பாப்பா?"

"பாண்டுரங்கன் சார் இப்பதான் வந்து எடுத்துக்கினு போனாருண்ணா. அவரு போன்ல சார்ஜ் இல்லியாம்."

ஏசுவடியான் மாடி ஏறினார். பாதிப் படியிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியும், அப்படி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஏறினார்.

பாண்டுரங்கன் அறையில் லேப் போன் மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் அவருடைய சொந்தப் போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் இல்லாத போன்!

"சார், லேப் போனு கொஞ்சம் வேணும். செந்தாமரை மேடத்துக்கு ஓடிபி..."

சொல்லி வாய் மூடவில்லை, லேப் போன் கிணுக்கென்று ஒலித்தது. திரையில் நம்பர் வந்தது இருவர் கண்ணிலும் பட்டது. பாண்டுரங்கன் அவசரப்படாமல் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணும் வரலியே."

ஏசுவடியான் கவிழ்ந்த போனையே பார்த்தார். ஒரு மனிதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லும்போது, கேட்கிறவனுக்குத்தான் வெட்கமாகப் போகிறது.

"இன்னாய்யா பாக்குற? ஓசூர்ல லைன் நின்னா ஹெட் ஆபீஸ்ல என் தலைய உருட்டுவாங்க. அந்தப் பொண்ணு மொத தடவ வெளிய போயிருக்கு, அவங்க மிரட்டுனதுல பயந்துக்கினு பேசுது. புனே பீஸ் புனேயோட போச்சு." குரலைத் தணித்துக்கொண்டார். "உனக்கு ஹோல்டு மெயில் வந்துச்சா?"

"வரல சார்."

"வரலல்ல? நாளைக்கு எது நடந்தாலும் உன் மேல தப்பே கெடையாது. போய் வண்டிய அனுப்பு. ஒண்ணாந்தேதி ஞாபகம் கீதுல்ல?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் கொடுமை. மெயில் வரவில்லை, ஆகவே அவர்மேல் தப்பில்லை. இத்தனை வருஷமாக அவர் பிடித்துக்கொண்டிருந்த மெயில் சட்டத்தையே எடுத்து அவர் கையில் கொடுத்து, போ என்கிறார் அந்த ஆள். ஏசுவடியான் படி இறங்கினார்.

கீழே மாரிராஜ் பொறுமை இழந்திருந்தார். "அண்ணே, இன்னா லேட்டு? ஸ்ரீபெரும்புதூர் தாண்டுறதுக்குள்ள டிராபிக் புடிச்சிக்கும். கேட் பாஸ் குடுங்கண்ணே."

மேஜைப் போன் மறுபடி அடித்தது.

"அண்ணா, நம்பர் இன்னா?"

"தரமாட்டேங்காவ, மேடம். போனு பாண்டுரங்கன் சாருகிட்டதான் இருக்கு."

செந்தாமரை அழுதாள். கோபத்தில் வருகிற அழுகை அது. "நானே ஏதேதோ நம்பர் போட்டுப் பாத்தேண்ணா. இப்போ அக்கவுன்ட்டே லாக் ஆயிடுச்சு. இனிமே என்னால மெயில் போட முடியாது. நான் வாயாலதான் சொல்ல முடியும். அந்த வண்டிய விடாதீங்க. என் பேச்ச நம்புங்கண்ணா."

"நம்புதேன் மேடம்" என்றார் ஏசுவடியான். நம்புவதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. அந்தப் பெண் ஒரு பீஸைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டாள். லைனில் பாதிப் பேர் அவளைத் திட்டுவதே அதற்காகத்தான். பயம் வேறு இடத்தில் இருந்தது. நம்பி நிறுத்தினால் நாளைக்குக் கேட்பார்கள், யார் சொல்லி நிறுத்தினாய் என்று. காட்ட ஒன்றும் இருக்காது. முன்பு போலவே எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். ஆர்டர் போகும். அதோடு வேலையும் போகலாம். சந்திரலேகா முகத்தில் எப்படி விழிப்பது?

போனை வைத்தார். கேட் பாஸை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

மேஜைமேல் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும் அவர் அனுப்புகிற மெயில் தயாராகத் திறந்திருந்தது. வண்டி நம்பர், பெட்டிக் கணக்கு, 'வண்டி கிளம்பிவிட்டது' என்ற ஒரு வரி. அது ஓசூருக்குப் போகும், பாண்டுரங்கனுக்குப் போகும், ஹெட் ஆபீசுக்கும் போகும். யாரோ எழுதிக் கொடுத்த வரி. இவர் நம்பரை மட்டும் மாற்றி அனுப்புவார். சொந்தமாக ஒரு வரி கூட அதில் அவர் எழுதியது கிடையாது.

ஏசுவடியான் அந்த வரியை அழித்தார்.

பிறகு ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். இங்கிலீஷ்தான், வாத்தியார் பார்த்தால் பேப்பரை மூஞ்சியில் எறிந்திருப்பார். விஷயம் இவ்வளவுதான்: இந்த லாரி கிளம்பவில்லை. வெல்டு சரியில்லை என்று குவாலிட்டி செந்தாமரை புனேயிலிருந்து போனில் சொன்னார். அவருக்கு மெயில் திறக்கவில்லை. அதனால் நான் நிறுத்துகிறேன். இரண்டாவது ஸ்டேஷன் சரக்கு ஏற்கனவே அங்கே வந்திருந்தால் அதையும் மாட்டாதீர்கள். கடைசியில் தன் பெயரை முழுதாக அடித்தார்.

சுட்டியை அழுத்துமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அழுத்திவிட்டார்.

"மாரி, வண்டிய ஓரங்கட்டு. இன்னைக்குப் போவாது."

மாடியிலிருந்து செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது. பாண்டுரங்கனுக்கு முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. லேப் போன் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"யாரைக் கேட்டுய்யா நிறுத்துன? யாரு உனக்கு அத்தாரிட்டி குடுத்தது?"

லோடுமேன்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரையும் கேக்கல சார். நான்தான் நிறுத்தினேன்." லேப் போனைக் காட்டினார். "அந்தப் போன எங்கிட்ட தந்திருந்தியள்னா மேடம் பேர்ல மெயில் வந்திருக்கும். இப்ப என் பேர்ல போயிருக்கு."

பாண்டுரங்கன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய சொந்தப் போன் அடித்தது. திரையில் ஓசூர் நம்பர். எடுத்தவர், "ஆமா சார்... நாங்களே கண்டுபிடிச்சிட்டோம் சார்... நான்தான் உடனே நிறுத்தச் சொன்னேன்..." என்று பேசிக்கொண்டே வெயிலில் நடந்துபோனார். லோடுமேன் ஒருவன் வாய்விட்டே சிரித்துவிட்டான். ஏசுவடியானுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் பெட்டிகளைப் பிரித்து அறுத்துப் பார்த்தார்கள். செந்தாமரை சொன்னபடியேதான் இருந்தது. ஹெட் ஆபீசிலிருந்து பாண்டுரங்கனுக்குப் பாராட்டு மெயில் வந்தது. அதில் ஏசுவடியான் பெயர் எங்கேயும் இல்லை.

ஒன்றாம் தேதி ஆர்டர் வாங்கியவர்களுக்குக் கேன்டீனில் லட்டு கொடுத்தார்கள். ஏசுவடியானுக்கு ஆர்டர் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் செய்தி கேள்விப்பட்ட செந்தாமரை லேபிலிருந்து நேராக டிஸ்பாட்சுக்கு வந்தாள். அவர் ஒரு பெட்டிக்கு நாடா இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாலதானண்ணா போச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நான் ஹெட் ஆபீசுக்கு நடந்தத எல்லாம் எழுதப் போறேன்."

"எழுதுனா எழுது. உன்னால ஒண்ணும் போவல தாயி." அதுவரை அவளை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். நாடாவை இறுக்கி முடிந்துவிட்டு நிமிர்ந்தார். "வருத்தம் இல்லன்னு சொன்னா பொய்யி. ராத்திரி நானும் எம் பொஞ்சாதியும் பேசாமதான் படுத்துக் கிடந்தோம். ஆனா வண்டி போயிருந்தா ஆர்டர் வந்திருக்கும், பீரோல வச்சிப் பூட்டியிருப்பேன். அப்புறம் ரோட்டுல எந்த வேன்காரன் பிரேக்ல கால வச்சாலும், நாமல்லா கண்ண மூடிக்கிடணும்."