மூன்றாம் மாடி வால்வு

ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் பராமரிப்புப் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் பதினாலு வருஷம் குழாய்களோடும் கம்ப்ரஸர்களோடும் இருந்தவள். கணவருக்கு ஓசூருக்கு மாற்றலானது. குடும்பமாக வந்துவிட்டோம். ஒரு ஃபேக்டரியையே பார்த்தவளுக்கு ஒரு கட்டடம் என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது உண்மை.

தரைத்தளத்தில் ஒரு மெஸ்ஸும் மருந்துக்கடையும். முதல் மாடியில் துணிக்கடை, இரண்டாவதில் கம்ப்யூட்டர் சென்டர், மூன்றாவதில் கண் மருத்துவமனையும் பல் கிளினிக்கும். அதற்கு மேல் இரண்டு மாடியிலும் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் ஹாஸ்டல். எல்லாருக்கும் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்துதான் இறங்கும். தொட்டியடியில் எட்டு வால்வுகள் வரிசையாக இருந்தன. எது எந்த மாடிக்கு என்று காட்டும் வரைபடம் ஒன்று என் மேசை டிராயரில் இருந்தது.

சேர்ந்த பதினோராம் நாள் காலை, பல் கிளினிக்கில் சுவருக்குள் இருந்த குழாய் வெடித்தது. டாக்டர் தன் நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சுவதை வீடியோ எடுத்தே அனுப்பிவிட்டார். வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். நான்காவது வால்வு மூன்றாம் மாடிக்கு என்று போட்டிருந்தது. மூடினேன். ஒரு நிமிஷத்தில் கீழேயிருந்து மெஸ்காரம்மா போன் செய்தார். "அரிசி களைஞ்சிட்டிருக்கேம்மா, தண்ணிய எதுக்கு நிறுத்தினீங்க?" திறந்துவிட்டு ஐந்தாவதை மூடினேன். ஹாஸ்டலில் யாரோ தலையில் ஷாம்பூவோடு கத்துகிற சத்தம் படிக்கட்டு வழியாகவே கேட்டது.

ஆறாவதில் கைவைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "அது கண்ணாஸ்பத்திரிது மேடம். பல்லாஸ்பத்திரிது இங்க இல்ல."

ஹவுஸ்கீப்பிங் அக்கா. கையில் மாப்போடு நின்றிருந்தார். ஒன்பது வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், மெஸ்காரம்மாவோடு கன்னடம். அதுவரை அவரோடு நான் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.

தொட்டியைச் சுற்றி அழைத்துப்போனார். சோலார் ஹீட்டருக்குப் பின்னால், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒன்பதாவதாக ஒரு வால்வு தனியாக இருந்தது. பல் கிளினிக் பிற்பாடு வந்தபோது அதற்கென்று புதிதாக இழுத்த லைன். வரைபடம் அதற்கும் முந்தையது.

அது திரும்பவில்லை. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். வருஷக்கணக்கில் தொடாத வால்வுக்குள் அது சுண்ணாம்பு மாதிரி படிந்து இறுகிவிடும். சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி முழு பலத்தையும் கொடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒடிஞ்சிரும் மேடம். அப்புறம் தொட்டிய காலி பண்ணாத்தான் நிக்கும்."

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. போச்சம்பள்ளியில் எத்தனையோ பேரிடம் நானே சொன்னதுதான். இறுகிய வால்வைக் கொஞ்சம் மூட வேண்டும், கொஞ்சம் திறக்க வேண்டும், மறுபடி மூட வேண்டும். படிந்தது உதிர்ந்து உதிர்ந்து வழி விடும். ஆனால் அன்று பதற்றத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. இருவரும் மாறி மாறி, முன்னால் கால் சுற்று, பின்னால் கால் சுற்று என்று இருபது நிமிஷம் போராடினோம். கடைசியில் மூடிக்கொண்டது. இரண்டு பேர் உள்ளங்கையும் சிவந்திருந்தது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எந்த டாய்லெட்ல தண்ணி வரலன்னாலும் திட்டு எனக்குத்தான் மேடம். அதான் மேல வந்து பாத்துப் பாத்து வெச்சிருக்கேன்."

அடுத்த வாரம் அந்த வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்று போடலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். ஒருவர் மாடியில், ஒருவர் கீழே. அவர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து வைத்துக்கொண்டு போனில் "நின்னுச்சு" என்பார், அல்லது "இல்ல, இன்னும் வருது" என்பார். பெயின்ட் டப்பா மூடிகளை வட்டமாக வெட்டி வால்வுகளில் கட்டினோம். எது எங்கே போகிறது என்று அவற்றில் நான் தமிழில் எழுதினேன். அவர் ஐந்தாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். "நானும் எழுதறேன், அப்பத்தான் எனக்கு மனசுல ஒட்டும்" என்று என் எழுத்துக்குக் கீழே உருண்டை உருண்டையாகத் தெலுங்கில் எழுதினார்.

அவருக்கும் சில தப்பான பழக்கங்கள் இருந்தன. கைப்பிடி வைத்த, உள்ளே குண்டு சுழலும் வால்வை, தண்ணீர் மிச்சமாகட்டும் என்று பாதி திறந்தே வைத்திருப்பார். அப்படி வைத்தால் அந்தக் குண்டின் ஓரமும் அது பதிந்திருக்கும் வளையமான சீட்டும் அரித்துப்போகும், பிறகு முழுக்க மூடினாலும் கசியும் என்று ஒரு பழைய வால்வைக் கழற்றிக் காட்டினேன். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ நாளா நான்தான் இதுங்கள சாவடிச்சனா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் கட்டடத்தில் பாதி திறந்த வால்வு ஒன்றுகூட இல்லை.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தண்ணீர் லைன் வால்வு எல்லாவற்றையும் ஒருமுறை மூடித் திறப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்தச் சுற்றின் முடிவில் மெஸ்ஸில் இரண்டு டீ. நான் அந்த வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

நாலாவது மாதமோ ஐந்தாவதோ, தண்ணீர் லைன் எல்லாம் முடிந்து முதல்முறையாகத் தீயணைப்பு லைனுக்கு வந்தேன். படிக்கட்டு ஓரமாகச் சிவப்புக் குழாய் மேலே போகும். ஒவ்வொரு மாடியிலும் அதிலிருந்து ஒரு கிளை, கிளையில் ஒரு வால்வு, அதையடுத்து அழுத்தம் காட்டும் மீட்டர், முனையில் ஹோஸ் மாட்ட, திருகித் திறக்கும் ஒரு வாய். அக்கா அன்று துணிக்கடையில் தரை கழுவிக்கொண்டிருந்தார், நான் தனியாகத்தான் போனேன். மூன்றாம் மாடியில் மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றது. வால்வு சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக மூடியிருந்தது.

அந்த மாடியில்தான் கண்ணில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். அதற்கு மேல்தான் ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் பெண்கள். திறந்தேன். உடனே ஹோஸ் மாட்டும் வாயிலிருந்து சொட்டத் தொடங்கியது. அதை அடைக்கும் ரப்பர் சீட் தேய்ந்துபோயிருந்தது. சொட்டுவதை நிறுத்த யாரோ கிளையையே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே வாளியை வைத்துவிட்டு, வால்வைத் திறந்தே விட்டேன்.

டீ குடிக்கும்போது அக்காவிடம் சொன்னேன். யார் செய்த வேலையோ, நெஞ்சில் கொஞ்சமும் பயமில்லாத ஆள் என்று கோபமாகவே சொன்னேன். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. உடம்பு சரியில்லையாம் என்றார் வாட்ச்மேன்.

மூன்றாம் நாள் வந்தார். படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"அந்த வால்வ மூடினது நான்தான் மேடம்."

கையிலிருந்த ஸ்பேனரைப் படியில் வைத்தேன்.

"கண்ணாஸ்பத்திரி வாசல்ல சொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஒரு பெரியவர் வழுக்கி உழுந்துட்டார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மூடினேன். அப்ப இருந்த சூப்பர்வைசர் கிட்ட அன்னைக்கே சொன்னேன். பாக்கறேன்னார். மறுவாரம் அவர் வேலைய விட்டுட்டார். எனக்கும் மறந்துபோச்சு. மூணு வருஷம் இருக்கும்."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். மூணு வருஷமா என்றுதான் முதலில் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தூங்காத முகம். வழுக்கி விழுந்த ஒரு மனிதருக்காக, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தண்ணீரை நிறுத்தியவர். அந்த வால்வு எதற்கானது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒன்பது வருஷமாகச் சிவப்புக் குழாயைத் துடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"ஓனருக்குச் சொல்லணும்கா. மூடியிருந்ததுன்னு நான் எழுதிக் குடுத்தாகணும். உங்க பேரு எழுத மாட்டேன்."

"வேணாம் மேடம். நானே சொல்லிடறேன். நீங்க கூட வந்தா போதும்."

ஓனர் அறைக்கு இருவரும் போனோம். அறுபதைத் தாண்டியவர், குரல் எழுப்பாதவர். எழுப்பாததாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, படிக்கட்டில் என்னிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னார்.

ஓனர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பெரியவர் உழுந்த அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன். லிஃப்ட்டுகிட்ட நீ என்கிட்டயும் சொன்னம்மா. சார், செவப்புக் குழாய மூடிட்டேன்னு."

"உங்ககிட்டயா சார்? எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு இருக்குது. போன்ல பேசிக்கிட்டிருந்தேன், தலையாட்டிட்டுப் போயிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன மாத்தணுமோ மாத்துங்க. மாத்தினதுக்கப்புறம் தண்ணி வருதான்னு எனக்கு நேர்ல காட்டுங்க."

வெளியே வந்து அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ரப்பர் சீட்டை மாற்றினோம். மற்ற மாடிகளிலும் பிரித்துப் பார்த்து இன்னும் இரண்டை மாற்றினோம். திறந்த நிலையிலேயே கிளை வால்வின் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். "இத மூடணும்னா முதல்ல எனக்கு போன் பண்ணணும்" என்று பலகை எழுதி, அதன் கீழும் தெலுங்கில் அவரை எழுத வைத்தேன்.

சோதித்துக் காட்டும் நாளில் கார் நிறுத்துமிடத்தைக் காலி செய்யச் சொன்னோம். மூன்றாம் மாடியிலிருந்து ஹோஸைப் படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கீழே இறக்கினோம். முனையை நானும் அக்காவும் பிடித்துக்கொண்டோம். மேலே வாட்ச்மேன் ஹோஸ் மாட்டிய வாயைத் திருகித் திறந்தார். முதலில் காற்று, பிறகு துருப்பிடித்த செம்மண் நிறத் தண்ணீர், அப்புறம் ஒரே உதறல். ஹோஸ் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

"கெட்டிகா பட்டுக்கோ செல்லி" என்று கத்தினார் அக்கா. இறுக்கிப் பிடித்துக்கொள் தங்கச்சி என்று அர்த்தம். அதுவரை மேடம் தவிர வேறெதுவும் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை அவர்.

தண்ணீர் மதில் சுவரைத் தாண்டி ரோட்டோரப் புங்கமரத்தின் உச்சியைத் தொட்டது. ஹாஸ்டல் பெண்கள் பால்கனியில் வரிசையாக நின்று போனில் படம் எடுத்தார்கள். மெஸ்காரம்மா கரண்டியோடு வெளியே வந்து நின்றார். ஓனர் பேன்ட் முழங்கால்வரை நனைந்து, நகராமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா மூச்சு வாங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷமே அவருடைய அடையாள அட்டையில் ஹவுஸ்கீப்பிங் போய் டெக்னீஷியன் என்று வந்தது. கேட்டு வாங்கியது நான்தான். ஆனால் ஓனர் ஒரு பேச்சும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். வேலை நேரத்தில் நான் இன்னும் அவருக்கு மேடம்தான். ஏணியில் கால் தப்பாக வைத்தால் மட்டும் செல்லி.

போன மே மாதம் என் மகளுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. கோயிலில் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் மல்லிகைப் பூவோடு வந்தார். எங்கள் சடங்கை அவர் பார்ப்பது அதுதான் முதல்தடவை. வெள்ளை கவுன் போட்ட என் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, தன் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சாப்பிட்டார்.

கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து, அங்கிருந்த சின்ன வால்வை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன வருஷமாச்சு இத தொட்டு?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

ஒரு பழைய துணியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.