வகுப்பில் வாசிக்கப்பட்ட பதிவு

வான்மதி எழுத ஆரம்பித்ததற்கு முதல் காரணம், அவளுக்குச் செய்ய வேறு வேலை இல்லாததுதான். 2008-ல் கல்யாணமாகி அமெரிக்காவில் பார்சிப்பனிக்கு வந்தாள். கணவன் சபரிக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. கரூரில் படித்து, சென்னையில் மூன்று வருடம் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்தவள், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருந்த அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் பகல் முழுக்கத் தனியாக இருந்தாள். கார் ஓட்டத் தெரியாது. சனிக்கிழமைகளில் சபரி அவளை நூலகத்தில் இறக்கிவிடுவான். ஆறேழு புத்தகங்களோடு திரும்புவாள். அவற்றைப் பற்றியும், ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த தமிழ்ப் புத்தகங்களைப் பற்றியும், அடித்தளத்தில் இருந்த துணி துவைக்கும் அறையில் தனியாக நிற்கும்போது வரும் பயத்தைப் பற்றியும் ஒரு வலைப்பூவில் எழுதினாள். மிஞ்சிப்போனால் முப்பது பேர் படித்தார்கள். நாட்டின் மறுகோடியில் ஃப்ரீமான்ட்டில் இருந்த பவதாரணி என்ற இலங்கைத் தமிழ்ப் பெண் பதிவை விட நீளமாகப் பின்னூட்டம் போடுவாள். அவளுடைய பதில் வரும்வரை வான்மதிக்கு இருப்புக்கொள்ளாது.

2011-ல் கயல் பிறந்தாள். எழுத்து நின்றது. பிறகு வேலை அனுமதி வந்தது, கார் ஓட்டக் கற்றாள், வேலையும் கிடைத்தது, மாடி வைத்த தனி வீட்டுக்கு மாறினார்கள். கயலுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒருநாள், பனி பொழிவதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதாக நாலு வரியை வான்மதி ஃபேஸ்புக்கில் போட்டாள். "அம்மா, மேல யாரோ தேங்காய் துருவுறாங்க." சாயங்காலத்துக்குள் ஐந்நூறு லைக். வலைப்பூ எழுதிய காலம் முழுக்க அத்தனை பேர் அவளைப் படித்ததில்லை.

அன்றிலிருந்து கயல் 'குட்டி மேடம்' ஆனாள். மாதத்துக்கு இரண்டு பதிவாவது வரும். குட்டி மேடம் பல் டாக்டரிடம் கேட்ட கேள்வி, அப்பாவின் தமிழைத் திருத்தியது, வயலின் தேர்வில் அழுதது. கயல் ஆங்கிலத்தில் சொன்னதை வான்மதி தமிழாக்கிக் கொஞ்சம் பளபளப்பு ஏற்றுவாள். சில இடங்களில் அவள் சொல்லாததையும் சேர்ப்பாள். ஒன்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். தீபாவளி விருந்துகளில் அறிமுகமில்லாத பெண்கள் "குட்டி மேடம்!" என்று கயலின் கன்னத்தைப் பிடிப்பார்கள். ஆன்ட்டிகள் எல்லாக் குழந்தைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் போல என்று கயல் நினைத்திருந்தாள்.

வீட்டில் பேசும் தமிழ் கயலுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். தமிழ் படிக்க அப்போது தெரியாது. அந்த எழுத்துக்குப் பின்னால் தான் என்ன எழுதினாலும் பத்திரம் என்று வான்மதி ஒருநாளும் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டாள். அதே வான்மதிதான் மகள் தமிழ் படிக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள்.

கயல் எட்டாம் வகுப்பில் இருந்த அக்டோபர் மாதம், தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஹம்சாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. 'உங்க பதிவு ஒண்ணை ரீடிங் ப்ராக்டீஸுக்கு எடுத்துக்கட்டுமா? பசங்களுக்கு நல்லா ரிலேட் ஆகும்.' வான்மதி அப்போது அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள். எந்தப் பதிவு என்று கேட்கவில்லை.

அது போன வசந்தத்தில் எழுதிய பதிவு. கயலின் இரண்டு தோழிகள் திடீரென்று அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பதினொரு நாள் அவள் மதியத் தயிர்சாதத்தைப் பள்ளிக் கழிவறைக்குள் உட்கார்ந்து தின்றிருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் அம்மாவின் மடியில் படுத்து அதைச் சொன்னாள். மறுநாளே வான்மதி எழுதினாள். கண்ணீரோடுதான் எழுதினாள். இரண்டாயிரத்து முந்நூறு லைக். 'மனசு கனத்துப்போச்சு' என்று நூற்றுக்கணக்கான பேர் எழுதினார்கள்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நகல், ஆளுக்கு ஒரு பத்தி. மூன்றாவது பத்தி கயலுக்கு வந்தது. அன்று மாலை ஹம்சா போனில் சொன்னாள்: "நல்லாத்தான் வாசிச்சா வான்மதி. எழுத்துக் கூட்டித்தான், ஆனா தப்பில்லாம. தயிர்சாதம்ங்கிற எடத்துல நின்னுட்டா. வார்த்தை தெரியலையோன்னு நான் எடுத்துக் குடுத்தேன். குட்டி மேடம்னா கயல்தான்னு எங்க எல்லாருக்கும் தெரியுமே. அவளுக்குத் தெரியாதுங்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு முன், கூட்டிவரப் போனபோது வான்மதிக்கு எதுவும் தெரியாது. கயல் காரில் ஏறி, மடித்த காகிதத்தை டாஷ்போர்டில் வைத்தாள்.

"க்ளாஸ் எப்படிப் போச்சு கண்ணு?"

"ஹவ் மெனி?"

"என்ன ஹவ் மெனி?"

"அபவுட் மீ. ஹவ் மெனி போஸ்ட்ஸ்?"

வான்மதி காகிதத்தைப் பிரித்தாள். தன் எழுத்தைத் தாளில் பார்த்தபோது முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நொடிதான் புரிந்தது.

"கொஞ்சம்தான் கண்ணு. எல்லாமே நல்லவிதமாத்தான் எழுதியிருக்கேன். உன்னை எத்தனை பேருக்குப் பிடிக்கும் தெரியுமா?"

"ஐ டோன்ட் நோ தெம்." கயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஐ டோல்ட் யூ, அம்மா. ஒன்லி யூ," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வான்மதியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரங்களை இயந்திரத்தில் அடுக்கினாள், எடுத்துவிட்டு வேறு மாதிரி அடுக்கினாள். மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு இறங்கினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். 'இன்று என் மகளிடம் தோற்றேன்' என்று தொடங்கிய பதிவு இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அழுதுகொண்டே போட்டாள். ஒரு மணி நேரத்தில் எழுநூறு லைக். 'இவ்வளவு நேர்மை யாருக்கு வரும்!' என்று ஒருவர் எழுதியிருந்தார். நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

சபரி கையில் போனோடு கராஜிலிருந்து வந்தான்.

"மதி, மறுபடியும் போட்டிருக்க."

"இது வேற சபரி. மன்னிப்புதானே கேட்டிருக்கேன்."

"அவகிட்ட எங்க கேட்ட? அவ மேல ரூம்ல இருக்கா. நீ ஊர்கிட்ட கேட்டிருக்க."

"ஏன், இத்தனை நாள் நீயும்தானே லைக் போட்ட?"

"போட்டேன். அது என் தப்பு," என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போனான்.

அந்தப் பதிவை உடனே எடுத்தாள். மற்றவற்றை எடுக்க மூன்று சாயங்காலங்கள் ஆயின. இருநூற்று முப்பத்தெட்டு பதிவுகள். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் அழித்தாள். சிலவற்றைப் படிக்கும்போது கயல் உண்மையிலேயே அப்படிச் சொன்னாளா, தான் சேர்த்ததா என்றே தெரியவில்லை.

"சபரி, தேங்காய் துருவறாங்கன்னு அவ சொன்னாதானே?"

அவன் யோசித்தான். "தெரியல மதி. நீ எழுதினதுதான் ஞாபகம் இருக்கு."

கடைசியில் கணக்கையே மூடினாள். மாடிக்குப் போய், "எல்லாத்தையும் எடுத்துட்டேன் கண்ணு. ஸாரி," என்றாள். கயல் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் "ஓகே" என்றாள். பிறகு, "பட் தே ஆல்ரெடி ரெட் இட்," என்றாள். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குக் கிளம்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வான்மதி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத் தனக்கு முகம் இல்லை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை அவள் எளிதில் மறக்க மாட்டாள். கை தானாகப் போனைத் தேடியது. போனைச் சமையலறை இழுப்பறையில் போட்டாள்; டீ கொதிப்பதற்குள் நாலு தடவை அதைத் திறந்தாள். திறந்தால் பார்க்க ஒன்றும் இல்லை, வானிலையைப் பார்த்துவிட்டு மூடினாள். எதைப் பார்த்தாலும் மண்டைக்குள் ஒரு பதிவு கிளம்பியது. ஏரிக்கரைச் சாலையில் வாத்துக் கூட்டம் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஆடி அசைந்து கடந்தபோது, முதல் வரி, முடிவு வரி, எங்கே சிரிப்பார்கள் என்பது வரை வந்துவிட்டது. போட இடமில்லை. நமைச்சல் எடுத்துச் சொறிய முடியாதது போல இருந்தது.

நேரம் நிறைய மிச்சமானது, இனி வாசிக்கலாம் என்று நூலகத்திலிருந்து ஒரு பெரிய நாவலை எடுத்து வந்தாள். நாலாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. வரியைக் கண் படிக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். ஒரு குளிர்காலத்தில் நாற்பது புத்தகம் படித்தவள்! மேலும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடப்பாள். முதல் வாரத்தில் ஏழு பேர் 'ஏன் காணோம்?' என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருவரும் இல்லை. இவ்வளவுதானா என்று கோபம் வந்தது. கோபப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் பவதாரணியைப் போனில் கூப்பிட்டாள். பேசி ஆறு வருடம் இருக்கும். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"நீங்க படிச்சீங்களா பவா, குட்டி மேடம் போஸ்ட் எல்லாம்?"

"துவக்கத்தில வாசிச்சனான். பிறகு விட்டிட்டன்."

"ஏன்?"

"எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிள்ளை பாவம் எண்டு நினைச்சன். உமக்குச் சொல்லியிருக்கோணும். அவ்வளவு சனம் கை தட்டேக்க நான் என்னத்தைச் சொல்றது எண்டு பேசாமல் இருந்திட்டன். அது என்ர பிழை."

வான்மதிக்குச் சுருக்கென்றது. ஒன்பதாயிரம் பேருக்கு நடுவில் இவள் எழுந்துபோனது தனக்குத் தெரியவே இல்லையே என்று நினைத்தாள்.

"நீங்க இன்னும் ப்ளாக் எழுதறீங்களா?"

"எழுதுறன். பத்துப் பேர் வந்தால் பெரிய விசயம்," என்று பவதாரணி சிரித்தாள். "உம்மட பழைய ப்ளாக் இருக்குத்தானே? அதில வேற ஒருத்தரும் இல்லை. நீரும் புத்தகமும்தான்."

வான்மதி அதை உடனே திறக்கவில்லை. முதலில், போனை வீட்டில் வைத்துவிட்டு சனிக்கிழமை காலைகளில் நூலகத்துக்குப் போனாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். முதல் வாரம் கால் ஆடிக்கொண்டே இருந்தது; எதிரே இருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். பொங்கல் சமயத்தில் ஒரே மூச்சில் முப்பது பக்கம் படித்தாள். பிப்ரவரியில் அந்த நாவல் முடிந்தது. அன்றைக்குத்தான் பழைய வலைப்பூவின் கடவுச்சொல்லை மீட்டெடுத்து, அந்த நாவலைப் பற்றியும், அதைப் படிக்க முடியாமல் போன நாட்களைப் பற்றியும் எழுதினாள். பவதாரணி நீளமாக ஒரு பின்னூட்டம் போட்டாள். வேறு யாரோ 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தேடினாள். பதினொன்று. அரை மணி கழித்து மறுபடி பார்த்தாள். பதினொன்றுதான். மூன்றாம் தடவை பார்க்காமல் இருக்கத் துணி மடிக்கப் போனாள்.

மார்ச்சில் ஒருநாள் காலை, கயலைப் பள்ளியில் விடப் போகும் வழியில், முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த குப்பை வண்டியைப் பார்த்துக் கயல் ஏதோ சொன்னாள். வான்மதிக்கு அடக்க முடியாத சிரிப்பு. கயலும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வான்மதியின் மனம் வேலையைத் தொடங்கிவிட்டது: எங்கே ஆரம்பிப்பது, எதை வெட்டுவது. அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, கயல் சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா, டோன்ட்."

"இல்ல கண்ணு. எழுத மாட்டேன்."

கயல் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பீன்ஸ் நறுக்கும்போது அதை நினைத்துப் பார்த்தாள் வான்மதி. சிரித்தது நினைவிருந்தது, குப்பை வண்டி நினைவிருந்தது. என்ன சொன்னாள் என்பது மட்டும் வரவில்லை. முன்பென்றால் எழுதி வைத்திருப்பாள். கத்தியை வைத்துவிட்டு மாடிப்படி அடியில் போய் நின்றாள்.

"கயல், காலையில என்னமோ சொன்னியே, சிரிச்சோமே, அது என்னது?"

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஒய்?"

"சும்மாதான் கண்ணு. எனக்கு மறந்துபோச்சு."

நாற்காலி மறுபடி மேசைப் பக்கம் நகர்ந்தது. வான்மதி படிக் கைப்பிடியைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் மீதி பீன்ஸை நறுக்கினாள்.