ஐந்து வருடத்தில் போவீர்களா

மார்கரெட்டுக்கு நாற்பத்திரண்டு வயது. அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். இவள் பிளஸ் டூ முடித்து, தினக்கூலிக்கு வீடு வீடாகக் கேள்வி கேட்கிறாள். முன்பு காய்ச்சல், கழிப்பறை. இப்போது கடல். கடல் ஏறினால் மக்கள் என்ன செய்வார்கள், அவர்கள் அப்படிச் செய்தால் கரை என்ன ஆகும் என்று சென்னையில் ஒரு குழு கணினியில் பார்க்கிறது. கடப்பாக்கத்துக்குத் தெற்கே இவள் தெருவும் அதில் இருக்கிறது.

போன வருடம் பெரும்பாலோர் ஐந்து வருடத்தில் போய்விடுவோம் என்றார்கள். அப்படிச் சொன்னால் மேட்டில் அரசு வீடு கிடைக்கும் என்று ஒரு பேச்சு. மார்கரெட் அப்படியே பதிந்தாள். கணினி நம்பியது. காலியாகப் போகிற தெருவுக்குக் கல் எதற்கு? அலைதடுப்புக் கல் வரிசை, குழுவின் புது வரைபடத்தில் தெருவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அதைப் பார்த்து நான்கு குடும்பங்கள் உண்மையிலேயே கிளம்பின.

இந்த வருடமும் அதே கேள்வி. எதிர்வீட்டு பிரபா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"போன தபா போறேன்னு சொன்னேன். இன்னா கெடச்சுது, மேட்டுல வூடா? எது சொன்னா கல்லு வரும்? அத்த எழுதிக்கோ."

"உண்மைய சொல்லுக்கா."

"கல்லு வந்தா இருப்பேன். வரலன்னா போவேன். எழுது."

குழு கொடுத்த டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஆம், இல்லை, இரண்டுதான். மார்கரெட், சென்னைக் குழுவின் ஹரிஹரனுக்குப் போன் செய்தாள்.

"சார், கல்லு வருமான்னு தெரிஞ்சாதான் சொல்லுவாங்களாம்."

"நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சாதான் மேடம் கல்லு முடிவாகும்."

"அப்ப யாரு சார் மொதல்ல?"

அவன் சிரித்தான். "ஆம், இல்லை, ஏதாவது ஒண்ணு போடுங்க மேடம்."

பிரபா 'இல்லை' என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியாக மார்கரெட்டின் வீடு. போர்வெல் தண்ணீர் உப்பாகி ஒரு வருடம். அச்சரப்பாக்கத்தில் வீடு பார்த்து, அடுத்த மாதம் குடிவருவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். கணவன் ஆபிரகாமுக்கு ரிசார்ட்டில் இரவுக் காவல் வேலை; அப்போதுதான் எழுந்திருந்தான்.

"இன்னா யோசிச்சிகினு கீற? இல்லன்னு போடு."

"நாமதான் போறோமே."

"போட்டுட்டு போலாம். யாரு பாக்கப் போறா?"

"பிரபாக்கா பாக்கும். நாலு வூடு போனதப் பாத்துதான் அது மூட்ட கட்ட ஆரம்பிச்சுது. நாமளும் போனா தெருவே கிளம்பிடும்."

'இல்லை'யை அழுத்தினாள். காரணம் கேட்டது. 'பிற' என்று போட்டாள்.

"அந்த போன குடு."

"யாருக்கு?"

"அச்சரப்பாக்கத்துக்கு. வரலன்னு சொல்லணும்."

அவன் கொடுத்தான். பிறகு காலித் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.