உள்ளங்கை ஜீப்புக்கு ஒரு பொட்டு

போன வாரம் ஆயுத பூஜை. கார், ஸ்கூட்டர், மிக்ஸி வரைக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தோம். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் செல்வியக்காவைச் சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் என் மனைவி.

வந்தவர் என் கண்ணாடி அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

அலமாரி என்றால்... பழைய போலீஸ் வண்டிகள். உலோகத்தில் வார்த்த, உள்ளங்கை அளவு டை-காஸ்ட் மாடல்கள். லண்டன் வேன், அமெரிக்கக் கார், நம்மூர் ஜீப் என்று பலதும் நிற்கும். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இந்த விளையாட்டெல்லாம் தேவையா? வீட்டிலும் தினமும் இதைத்தான் கேட்கிறார்கள்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தது நீல ஜீப்பை. கான்வாஸ் கூரை போட்ட பழைய மாடல்.

அவருடைய கணவர் மேட்டுப்பாளையத்தில் போலீஸ் டிரைவராக இருந்தவராம். ஒரு ஆயுத பூஜையன்று ஸ்டேஷன் ஜீப்பைக் கழுவி நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து சந்தனம் அரைத்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அக்கா கிண்ணத்தோடு நடந்துகொண்டிருந்தபோது அதே ஜீப் எதிரே வந்திருக்கிறது. மலைப்பாதையில் மண் சரிவு, அவசரம். வந்து வைத்துக்கொள்ளலாம் என்று சைகையிலேயே சொல்லிவிட்டுப் போனவர்... திரும்பவில்லை. இன்னொரு இடத்தில் சரிந்த மண் ஜீப்பைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது.

"சித்த நில்லுங்கன்னு கை காட்டியிருந்தா நிறுத்தியிருப்பாருங்க தம்பி. ஒரு பொட்டு வெக்க எத்தன நேரமாகும்? அப்படியே உட்டுப்போட்டனுங்க."

பொட்டு வைத்திருந்தால் மட்டும் மலை சும்மா இருந்திருக்குமா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடியுமா?

இந்த ஜீப்புக்கு ஒரு பொட்டு வைத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாடல் சேர்ப்பவர்கள் விரல் ரேகைகூடப் படவிடமாட்டோம் — பெயிண்ட் போய்விடும். போனால் போகட்டும் என்று எடுத்துக் கையில் கொடுத்தேன்.

மோதிர விரல் நுனியால் பானெட்டில் சந்தனம். அதன்மேல் குங்குமம். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம்? ஜீப்பால் ஏறவே முடியாது. மனைவி சமையலறைக்குப் போய் ஒரு சுண்டைக்காய் கொண்டுவந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஜீப்பை மேஜைமேல் வைத்து, அழுத்தி, மெதுவாக உருட்டினார். காய் நசுங்கியது.

"செரிங்க... பார்த்துப் போயிட்டு வாங்க" என்றார்.

எங்களிடம் சொல்லவில்லை. ஜீப் போவதற்கு வழிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன்.