யானைக்கல்லின் உச்சியில் நான்

மன்னார்த் தீவில் பிறந்த நான் சிறுவயதில் பாறை ஏறியவள் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் மேடு என்று சொல்லக்கூடியது மணல் குவியல் ஒன்றுதான். அதுவும் நல்ல காற்றடித்தால் இடம் மாறிவிடும். ஆனாலும் நான் ஏறினேன். பத்து வயதில், உயிர்த்த ஞாயிறன்று, பூசைக்குப் போட்ட புதுச் சட்டையோடு ஏறினேன். அந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு இன்றும் அலுப்பில்லை. வீட்டில் கேட்கிறவர்களுக்குத்தான் அலுத்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் கரையில் வள்ளங்களைக் காப்பதற்காகக் கடலுக்குள் கல்லணை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெருநிலப் பக்கமிருந்து லொறி லொறியாகக் கருங்கல் வந்து இறங்கியது. அதுவரை நான் பார்த்த மிகப் பெரிய கல் எங்கள் குசினியில் கிடந்த அம்மிதான். பெரிய வியாழனுக்கு முதல் நாள், ஒரு லொறியில் ஒரேயொரு கல் தனியாக வந்தது. ஒரு பக்கம் தும்பிக்கைபோல் புடைத்திருந்ததால் யானைக்கல் என்று பெயர் வைத்தோம். இப்போது கணக்குப் பார்த்தால் எட்டடிக்கு மேல் இருந்திராது. அன்று எங்களுக்கு அது மலை.

திருநாள் என்பதால் வேலை நின்றிருந்தது. திங்கள் காலை இயந்திரம் வந்து அதைக் கடலுக்குள் தள்ளிவிடும். எங்களுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைப் பகல் மட்டும்தான்.

மூன்று பேர் போனோம். நான், என் பெரியம்மாவின் மகன், சுகந்தி. சுகந்தி அந்தக் கற்களோடு வந்தவள் என்றே சொல்லலாம். அவளுடைய அப்பா லொறியில் கல்லுக்குச் சங்கிலி போட்டுக் கட்டுகிற கூலி வேலைக்காரர். மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பம். அணை வேலை முடியும்வரை எங்கள் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு என் வகுப்பில் வந்து சேர்ந்தாள்.

முதலில் ஏறியவன் பெரியம்மாவின் மகன். தென்னையோ பனையோ, கண் மூடித் திறப்பதற்குள் உச்சி வட்டுக்குள் இருப்பான். அன்றும் மரமேறிகள் காலில் மாட்டுகிற தளைநாரைக் கொண்டுவந்திருந்தான். அதைக் காலில் மாட்டி, இரண்டு கைகளாலும் யானைக்கல்லைக் கட்டிப்பிடித்து ஒரு எம்பு எம்பினான். கல் அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மார்புத் தோலையும் புதுச் சட்டையின் இரண்டு பொத்தான்களையும் அங்கே விட்டுவிட்டுச் சறுக்கி விழுந்தான். "உதுக்கு எண்ணெய் பூசிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினான்.

அதைப் பார்த்தும் நானும் கட்டித்தான் பிடித்தேன். எங்களுக்கு ஏறுவது என்றால் கட்டிப்பிடிப்பது. வேறு விதமாக ஏற முடியும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சுகந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மரத்ததான் கட்டிப்புடிக்கலாம். கல்ல கட்டிப்புடிச்சா தள்ளி விட்டுரும். கைய வுடு, கால நம்பு" என்றாள்.

கல்லைச் சுற்றி நடந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒரு வெடிப்பில் பெருவிரலை வைத்தாள். மற்றக் காலைத் தும்பிக்கையில் ஊன்றினாள். அடுத்த கணம் அவளுடைய கை உச்சி விளிம்பில் இருந்தது. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் மேலே போயிருப்பாள். அந்த எட்டை வைக்க நான் விடவில்லை.

"இறங்கு. நான்தான் முதல் ஏறுவன். இது எங்கட கரைக் கல்."

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று அவளுடைய அப்பாவைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு இறங்கிவிட்டாள்.

"சரி, ஒனக்கு அப்புறம் நான். ஆனா சுருக்கா எறங்கிறணும். நாளைக்கு கல்லு இருக்காது."

நான் மூன்று முறை விழுந்தேன். மூன்று முறையும் அவள் மேல்தான் விழுந்தேன். இரண்டு கைகளையும் உயர்த்தி எனக்கு நேர் கீழே நின்றுகொண்டு, எந்தக் காலை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்காம் முறை காய்ந்த மணலைக் கையில் தேய்த்துக்கொண்டு வெடிப்பில் காலை வைத்தேன். கால் நின்றது. கல்லைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று கை துடித்தது, பிடிக்கவில்லை. வெயிலில் காய்ந்த விளிம்பு விரல்களைச் சுட்டது. எப்படி என்று தெரியாது, வயிறு உச்சியில் கிடந்தது. எழுந்து நின்றேன்.

வேலிகளுக்கு மேலாக ஊர் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூரையும், கோயில் சிலுவையும், காயப்போட்ட வலைகளும் ஒரே பார்வைக்குள் வந்தன. என் வாழ்க்கையில் பிறகும் சில வெற்றிகள் வந்தன. ஒரு பட்டமும் வாங்கினேன். அன்று அந்தக் கல்லின் மேல் வந்த பெருமை எதிலும் வரவில்லை. கையை இடுப்பில் வைத்து நின்றேன், உட்கார்ந்தேன், கோயில் பாட்டு ஒன்றை முழுவதும் பாடினேன்.

"போதும், எறங்கு" என்றாள் கீழே நின்றவள்.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

இன்னொரு முறை கூப்பிட்டாள். இன்னொரு பாட்டுப் பாடினேன். மூன்றாவது பாட்டின் நடுவில் என் மாமா சைக்கிளில் வந்துவிட்டார். திருநாள் சாப்பாட்டுக்கு என்னைத் தேடி அனுப்பியிருந்தார்கள். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் சைக்கிளை மணலில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"எப்பிடியடி ஏறினனீ?" என்றார். குரலில் கோபமே இல்லை. என்னை அப்படியே தோளில் இறக்கி உட்கார வைத்துக்கொண்டார். "சரி, ரெண்டு பேரும் வாங்கோ. இனி ஒருத்தரும் ஏறக் கூடாது. விழுந்தால் திருநாளும் அதுவுமாய் ஆசுபத்திரிதான்."

பிறகு சுகந்தியைப் பார்த்துக் கேட்டார்: "நீ ஏறேல்லையோ பிள்ளை?"

அவளுடைய உள்ளங்கைகள் இரண்டிலும் காய்ந்த மணல் அப்பியிருந்தது. அதைப் பாவாடையில் துடைத்தாள்.

"இல்லங்க மாமா. பயமா இருந்திச்சு."

தோளில் இருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைநாட்டுப் பிள்ளையே பயந்த கல்லில் நான் ஏறியிருக்கிறேன். வழியில் கண்ட வீட்டுக்கெல்லாம் அதைக் கூவிச் சொல்லிக்கொண்டு போனேன். யாராவது நம்பாமல் பார்த்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்த சுகந்தியைக் கேட்கச் சொன்னேன். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஓம் என்று தலையாட்டினாள். நானும் அதை நம்பினேன்.